இழுக்கும் எடையை விடுங்கள், கதவைத் திறந்து பாருங்கள்

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கும் கோடையில்தான் டென்வர் பக்கம் எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பலருக்கு ட்ராவல் ட்ரெய்லர், அதாவது ட்ரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு, வாங்கும் ஆசை வருகிறது. ஆசை நியாயமானது. பெரியவர்களுக்காக எக்ஸிட் எக்ஸிட்டாகக் கழிப்பறை தேடி ஓட வேண்டாம், அது வண்டிக்குப் பின்னாலேயே வருகிறது. மதியம் ஒரு மர நிழலில் நிறுத்தி ரசம் வைத்துச் சாதம் வடிக்கலாம். கிரேட் சாண்ட் ட்யூன்ஸ் மணலில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும்போது, முழங்கால் வலிக்கும் அப்பா உள்ளே படுத்து ஒரு தூக்கம் போடலாம். இரண்டு ஹோட்டல் அறை எடுத்து, மூன்று வேளையும் பெரியவர்களுக்குப் பிடிக்காத சாப்பாட்டைத் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

ட்ரெய்லரை இவர்கள் பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பங்க் பெட் எத்தனை, மேசை மடியுமா, குளியலறையில் நிமிர்ந்து நிற்க முடியுமா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். ஆனால் அதை இழுக்கப் போகும் பிக்கப் ட்ரக்கை மட்டும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஒரே ஒரு எண்ணை நம்பி வாங்கிவிடுகிறார்கள். 'இழுக்கும் திறன் 11,000 பவுண்ட்' என்பது மாதிரியான எண் அது. நம்மைப் போல ஆறு பேர் சேர்ந்து போகும் குடும்பத்தில் அந்த எல்லை வருவதற்கு வெகு முன்னாலேயே இன்னொரு எல்லை வந்துவிடும். அதன் பெயர் பேலோட். ட்ரக் தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை.

போன வசந்த காலத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கும் தம்பி ஒருவர் டீலர் கடை வாசலிலிருந்தே கூப்பிட்டார்.

“அண்ணா, இது 11,000 பவுண்ட் இழுக்கும்னு சொல்றாங்க. நம்ம ட்ரெய்லர் 7,000 தான். தாராளமா போதும்ல?”

“அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல டிரைவர் பக்கக் கதவைத் திறங்க. நடுத் தூண்ல மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதுல இருக்கறதைப் படிங்க.”

டயர் காற்றழுத்தம் போட்டிருக்கும் ஸ்டிக்கர்தான் அது. அதிலேயே ஒரு வரி இருக்கும்: பயணிகள், சரக்கு எல்லாம் சேர்ந்த எடை இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று. அவர் படித்தது 1,480. அடுத்த ட்ரக்கின் கதவையும் திறக்கச் சொன்னேன். அதே மாடல், அதே எஞ்சின், அதே வெள்ளை நிறம். அதில் 1,790. இரண்டுக்கும் நடுவில் 310 பவுண்ட், அதாவது கிட்டத்தட்ட இரண்டு பெரியவர்களின் எடை. முதல் வண்டியில் கூரை முழுக்கக் கண்ணாடி, கதவைத் திறந்தால் தானாக இறங்கும் படி, மோட்டார் வைத்த தோல் சீட், பெரிய சக்கரம் எல்லாம் இருந்தன. அழகுக்குச் சேர்த்த ஒவ்வொன்றின் எடையும் பேலோடிலிருந்துதான் கழிகிறது. இந்த எண் மாடலுக்குப் பொதுவானது இல்லை, தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அந்த ஒரு வண்டிக்கு உரியது. அதனால் இணையத்தில் தேடியோ விற்பனையாளரிடம் கேட்டோ பயனில்லை, கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். ட்ரெய்லர் தன் எடையில் ஒரு பங்கை ட்ரக்கின் பின்பக்கம் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் மீது அழுத்திக்கொண்டே வருகிறது. இதை டங் வெயிட் என்பார்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். குறைத்துவிட்டால் ட்ரெய்லர் பின்னால் வாலாட்ட ஆரம்பிக்கும், அது உயிருக்கே ஆபத்து. ஆகவே 7,000 பவுண்ட் ட்ரெய்லர் என்றால் சுமார் 900 பவுண்ட் நேராக ட்ரக்கின் பேலோடில் வந்து உட்காருகிறது. ஹிட்ச் கருவிக்கே 90 பவுண்ட். அப்பா, அம்மா, நீங்கள், உங்கள் துணை, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேரைக் கூட்டினால் சிக்கனமாகப் பார்த்தாலும் 700 பவுண்ட். ட்ரக்கின் பின்னால் பெட் எனப்படும் திறந்த சரக்குப் பகுதியில் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, விறகு, டூல் பாக்ஸ் என்று ஒரு 150. கூட்டிப் பாருங்கள், 1,840 வருகிறது. முதல் வண்டியில் 360 பவுண்ட் அதிகம். இரண்டாவதிலும் 50 பவுண்ட் அதிகம். இத்தனைக்கும் இழுக்கும் திறனில் இன்னும் 4,000 பவுண்ட் மிச்சம் இருக்கிறது!

7,000 என்று நான் எடுத்ததும் ட்ரெய்லர் கம்பெனியின் புத்தகத்தில் இருக்கும் எடை இல்லை. அங்கே 'ட்ரை வெயிட்' என்று போட்டிருப்பார்கள். அதில் தண்ணீர் இருக்காது, பாத்திரம் பண்டம் இருக்காது, டீலர் கடையில் மாட்டும் பேட்டரிகூடப் பல நேரம் இருக்காது. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்ட். 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். கேஸ் சிலிண்டரும் பேட்டரியும் ட்ரெய்லரின் முன்முனையிலேயே உட்காருவதால் அந்த எடையில் பெரும்பகுதி டங் வெயிட்டாக ட்ரக்கின் மேல் இறங்கும். 5,600 பவுண்ட் என்று வாங்கிய ட்ரெய்லர் பயணத்தன்று 7,000 ஆகியிருப்பது சர்வ சாதாரணம். கணக்குப் போடும்போது ட்ரெய்லரின் அதிகபட்ச அனுமதி எடையையே எடுத்து, அதில் 13 சதவீதம் டங் வெயிட் என்று வைத்துக்கொண்டால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது.

அப்படியானால் அந்த 11,000 பொய்யா? பொய் இல்லை. இழுக்கும் திறனை அளக்க, வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது. அது வருவதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. டொயோட்டாதான் 2011 மாடல்களில் முதலில் இந்தத் தரத்துக்கு வந்தது, மற்ற பெரிய கம்பெனிகள் சில வருடம் கழித்து வந்தன. சோதனை கடினமானதுதான். அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்திலிருந்து மலை ஏறும் சாலையில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டு, 11 மைலுக்கும் மேல் ட்ரெய்லரோடு ஏற வேண்டும். நம் மாதிரி ட்ரக் என்றால் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின், கியர், ரேடியேட்டர் எல்லாவற்றுக்கும் அது நேர்மையான பரீட்சை.

ஆனால் அந்தச் சோதனையில் ட்ரக்கில் உட்காருவது இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்ட். பின்சீட் காலி. டங் வெயிட் 10 சதவீதம், அதாவது அனுமதிக்கப்பட்டதிலேயே மிகக் குறைவானது. நம் வீட்டில் இரண்டு பேர் மட்டும் போகும் பயணம் எங்கே இருக்கிறது?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அந்த அரிசோனா சாலை முடியும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரம். டென்வரில் நம் வீட்டு வாசலே 5,280 அடி. அங்கிருந்து ஐ-70 பிடித்து மேற்கே 60 மைல் போனால் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடியில் இருக்கிறது. கடைசி ஏற்றம் 7 சதவீதம் வரை போகும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. சுரங்க வாயிலுக்குப் போய்ச் சேரும்போது 400 குதிரைத்திறன் எஞ்சின் சுமார் 270தான் தரும். டர்போ எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு மிகவும் குறைவு. அதனால்தான் ராக்கி மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு ஃபோர்ட் எஃப்-150-யின் 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட், 2022-லிருந்து டொயோட்டா டண்ட்ராவில் வரும் 3.4 லிட்டர் இரட்டை டர்போ, செவர்லே சில்வராடோவின் 3 லிட்டர் டீசல் போன்றவற்றைப் பார்க்கச் சொல்கிறேன். ஹூஸ்டனிலோ ஃபிளோரிடாவிலோ இருந்தால் சாதாரண வி8 எஞ்சினே போதும்.

ஏறுவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்குக் கவலை இறங்குவதில். சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தோர்ன் நோக்கி இறங்கும் சரிவில், பிரேக் போன லாரிகளுக்காக மேல்நோக்கிக் கட்டிய சரளைக்கல் பாதைகள் சாலையோரம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். எடை இழுக்கும்போது கியரை அதற்கேற்ப மாற்றும் டோ-ஹால் பொத்தானை அழுத்திவிட்டு, உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கீழ் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விட வேண்டும். டீசலில், புகை வெளியேறும் வழியை நெருக்கி எஞ்சினையே பிரேக்காக்கும் எக்சாஸ்ட் பிரேக் இருந்தால் இந்த வேலையை இன்னும் நிதானமாகச் செய்யும். மனசாரச் சொல்கிறேன், மலையில் டீசலின் உண்மையான சுகம் இறக்கத்தில்தான் இருக்கிறது.

அரை டன்னா, முக்கால் டன்னா என்பது அடுத்த கேள்வி. எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டண்ட்ரா எல்லாம் அரை டன். எஃப்-250, 2500 என்று வருபவை முக்கால் டன். இந்தப் பெயர்கள் அந்தக் காலத்துச் சுமையளவிலிருந்து வந்தவை, இன்று அரை டன் வண்டிகளே அதைவிடக் கூடுதலாகச் சுமக்கின்றன. ராம் 1500 பின்பக்கம் காயில் ஸ்ப்ரிங் வைத்திருப்பதால் ஓட்டுவதற்கு மெத்தென்று இருக்கும், தினமும் ஆபீஸ் போய் வர அருமையான வண்டி. ஆனால் வசதிகள் நிறைந்த மாடல்களில் கதவு ஸ்டிக்கரைப் பார்த்தால் எண் சின்னதாக இருக்கும்.

நான் ஓட்டுவது முக்கால் டன் பெட்ரோல் வண்டி. ஆறு பேரும் 7,000 பவுண்ட் ட்ரெய்லரும் என்றால் என் தீர்ப்பு அதுதான். முக்கால் டன் பெட்ரோல் வண்டிகளில் பேலோட் பெரும்பாலும் 2,500 பவுண்டுக்கு மேல் இருக்கும். வெறும் வண்டியாக ஓட்டினால் குலுக்கும், காஸ்ட்கோ பார்க்கிங்கில் திருப்பச் சிரமம், வீட்டு கராஜில் நுழையுமா என்று அளந்து பார்க்க வேண்டும். ஜன்னலில் மைலேஜ் எண்ணும் இருக்காது, ஏனென்றால் 8,500 பவுண்டுக்கு மேல் அனுமதி எடை உள்ள ட்ரக்குகளுக்கு அதை ஒட்டவேண்டிய கட்டாயம் இல்லை. இத்தனையும் சேர்ந்தாலும் மலைச் சாலையில் பின்சீட்டில் அம்மா நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தால் போதும் என்றிருக்கிறது.

முக்கால் டன் டீசல் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். டீசல் எஞ்சினே ஆயிரம் பவுண்ட் அளவில் கனக்கும். ஆனால் பல 2500 வண்டிகளின் மொத்த அனுமதி எடையை, அதாவது வண்டியும் சுமையும் சேர்ந்த எல்லையை, 10,000 பவுண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சினின் கனம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். விளைவு, எல்லா வசதியும் வைத்த டீசல் 2500 ஒன்றின் பேலோட் 2,000 பக்கம் வந்து நின்றுவிடும். நன்றாகத் தேர்ந்தெடுத்த அரை டன் வண்டியே சில நேரம் அதற்குச் சமமாகச் சுமக்கும். பெரிய டீசல்தானே, எதையும் தாங்கும் என்று நினைத்துக் கதவைத் திறக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரை டன்தான் வாங்க முடியும் என்றால் நடுத்தர மாடலை எடுங்கள். நம் குடும்பங்களுக்கு அதில் இரட்டை லாபம். முன்னால் கியர் கன்சோல் இல்லாமல் மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் சீட் அந்த மாடல்களில்தான் கிடைக்கும். உயர்ந்த மாடல்களில் பெரும்பாலும் ஐந்து பேருக்குத்தான் இடம். ஆறாவது ஆளை ட்ரெய்லருக்குள் உட்கார வைத்துக் கூட்டிப்போவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி தப்பு, சட்டம் இல்லாத இடத்திலும் யாரும் அதைச் செய்யக் கூடாது. எடை குறைந்த மாடல் என்பதால் பேலோடும் கூடுதலாக இருக்கும். டீலர் கடைகளில் கண்ணாடிக் கூரை வண்டிகளைத்தான் வாசலில் நிறுத்தியிருப்பார்கள், பெஞ்ச் சீட் வண்டியைக் கேட்டு வாங்க வேண்டும். ஆர்டர் போட்டுக் காத்திருந்தாலும் தகும்.

ஆக்ஸில் ரேஷியோவையும், அதாவது சக்கரங்களைச் சுழற்றும் அச்சின் கியர் விகிதத்தையும் கேளுங்கள். ராம் 1500-ல் 3.21, 3.55, 3.92 என்று வந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எண் பெரிதானால் இழுவிசை கூடும், சின்ன எண் மைலேஜுக்கு நல்லது. இதை மாற்றினாலே இழுக்கும் திறன் ஆயிரக்கணக்கான பவுண்ட் ஏறி இறங்கும்.

வண்டியின் நீளத்துக்கும் ட்ரெய்லரின் நீளத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 110 அங்குலம் இருந்தால் 20 அடி ட்ரெய்லர், அதற்கு மேல் ஒவ்வொரு 4 அங்குலத்துக்கும் ஒரு அடி. நான்கு கதவு எஃப்-150, குட்டைப் பெட் என்றால் 145 அங்குலம், அதற்கு 28 அடிக்கு மேல் வேண்டாம். இது விதி இல்லை, அனுபவக்காரர்களின் கைக்கணக்கு. ஆனால் வயோமிங் சமவெளியில் பக்கவாட்டுக் காற்று ட்ரெய்லரின் சுவரில் அறையும்போது இந்தக் கணக்கின் அருமை புரியும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் தவிர்க்காதீர்கள். பெரிய ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும். முன் ஆக்ஸில் ஒரு பலகையில், பின் ஆக்ஸில் அடுத்ததில், ட்ரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி ஓட்டி நிறுத்தி, பொத்தானை அழுத்திச் சொன்னால் எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். குடும்பத்தோடு, சாமான்களோடு, தண்ணீரோடு போங்கள். எங்கள் சீட்டுகளை வைத்துச் சொல்கிறேன். ட்ரெய்லர் மாட்டாமல் முன் ஆக்ஸில் 4,280, பின் ஆக்ஸில் 3,580. மாட்டியதும் முன்னால் 4,000, பின்னால் 4,730, ட்ரெய்லர் சக்கரங்களில் 6,080. ட்ரக்கின் மேல் கூடியது 870 பவுண்ட், அதுதான் டங் வெயிட். ட்ரெய்லரின் மொத்தம் 6,950 என்பதால் அது 12.5 சதவீதம், சரியான இடம்.

ஆனால் முன் ஆக்ஸிலைப் பாருங்கள். எடை கூடவேண்டிய வண்டியில் முன்னால் 280 பவுண்ட் குறைந்திருக்கிறது. பின்னால் அழுத்தியதும் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. ஸ்டீயரிங் லேசாகி, திருப்பினால் பிடிப்பு குறையும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதைச் சரிசெய்யத்தான் வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச். அதன் இரண்டு இரும்பு பார்களை மாட்டி இறுக்கிவிட்டு மறுபடி மேடை ஏறினோம். முன்னால் 4,180, பின்னால் 4,410, ட்ரெய்லரில் 6,220. முன் ஆக்ஸிலுக்கு 180 பவுண்ட் திரும்பி வந்தது, ட்ரெய்லர் சக்கரங்களுக்கு 140 போனது. அந்த 140-ஐ நம்பி யாரும் பேலோட் கணக்கை இழுத்துப் பிடிக்க வேண்டாம், அது உபரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். டங் வெயிட்டை எடை போடும்போது பார்களைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் எண் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ரெய்லரின் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் பிரேக் கண்ட்ரோலர் ட்ரக்கிலேயே பதித்து வந்திருப்பது நல்லது. நீட்டக்கூடிய அகலமான பக்கக் கண்ணாடி கட்டாயம் வேண்டும், ட்ரெய்லர் 8 அடி அகலம். பெட்ரோல் வண்டி ட்ரெய்லரோடு கேலனுக்கு 9 மைல் கொடுத்தால் சந்தோஷப்படலாம். 23 கேலன் டேங்க் என்றால் 200 மைலுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், 36 கேலன் டேங்க் என்றால் 300 மைல் தாண்டலாம். எஃப்-150 ஹைப்ரிடில் 7.2 கிலோவாட் மின்சாரம் வண்டியிலிருந்தே எடுக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி, கேம்பில் கிரைண்டர் போட்டு இட்லி மாவே அரைக்கலாம். ஆனால் அந்த பேட்டரியின் எடையும் பேலோடில்தான் கழிகிறது. முழு எலெக்ட்ரிக் ட்ரக்குகளுக்கு இழுக்கும் பலம் தாராளமாக இருக்கிறது, ட்ரெய்லர் மாட்டினால் ஓடும் தூரம் கிட்டத்தட்ட பாதியாகிறது. பல சார்ஜிங் நிலையங்களில் ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய முடியும். வயதானவர்களோடு நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இன்றைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பழைய ட்ரக் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் முதல் வேலையாகக் கதவு ஸ்டிக்கரைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே பின்பம்பருக்கு அடியில் ஹிட்ச் ரிசீவரில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளையும். அதில் இரண்டு வரி இருக்கும்: வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று. சில அரை டன் வண்டிகளில் முதல் வரி 5,000 பவுண்ட், டங் வெயிட் 500 என்றுதான் இருக்கும். அதற்கப்புறம் வண்டியைக் கிளப்பி ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே டோ-ஹால் பொத்தான், பின்பம்பரில் ட்ரெய்லருக்கான ஏழு முனை மின் சாக்கெட் இரண்டும் இல்லையென்றால் அந்த வண்டியில் கியர் ஆயில் கூலர் இருக்கிறதா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு விலை பேசுங்கள்.